குத்துச்சண்டை மேடையும் மூலதனமும்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வருகின்றது. எந்த வீரன் எந்த ஆண்டில் யாரை வீழ்த்தினான், எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினான் என்பனவற்றை நாம் எளிதில் அறிந்துகொள்ளலாம். ஆனால், அவ்வீரன் நின்ற மேடை எவருக்குச் சொந்தம், அனுமதிச் சீட்டு விற்ற பணம் எவர் கைக்குப் போயிற்று, அவன் எவரோடு மோதலாம், எவரோடு மோதலாகாது என்பதைத் தீர்மானித்தவர் எவர் என்னும் வினாக்களுக்கு அப்பட்டியல்களில் விடை கிடைப்பதில்லை. இவ்வினாக்களை மனத்திற்கொண்டு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் வாழ்க்கையை நோக்குவோம். உலக சம்பியன் என்ற வகையில் அவர் பெயரைக் கேள்விப்படாதார் சிலரே. அச் சம்பியன் போட்டி நடத்துநராக மாறிய கதையை அறிந்தோரும் சிலரே. அவருடைய வெற்றிகளிலும் பார்க்க அக்கதையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை அதிகம்.

ஜோ லூயிஸ் 1914ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் பருத்திப் பிரதேசமொன்றிற் பிறந்தார். ஜோசப் லூயிஸ் பரோ என்பது அவருடைய முழுப்பெயர். அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். விளைச்சலில் ஒரு பங்கு நிலச்சொந்தக்காரருக்கு உரியது. எஞ்சியதிலிருந்து விதைக்கும் உணவுக்கும் பட்ட கடன் கழிக்கப்படும். அதன்பின் உழைத்தவன் கையில் மிஞ்சுவது சொற்பம். சில ஆண்டுகளில் அதுவும் மிஞ்சுவதில்லை. கணக்குப் புத்தகமோ எப்பொழுதும் நிலச்சொந்தக்காரரிடமே இருந்தது.

1926ஆம் ஆண்டில் அக்குடும்பம் வடக்கே டெற்றோயிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. இனக்கொடுமையினின்றும் பட்டினியினின்றும் தப்பும் பொருட்டுத் தெற்கிலிருந்து தொழில் நகரங்களை நோக்கி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் புறப்பட்ட காலம் அது. இளைஞன் லூயிஸ் போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையிற் சில காலம் வேலை செய்தான். வயலின் கற்கும்படி தாய் கொடுத்த காசைக் கொண்டுபோய்க் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்திற் செலுத்தினான். 1934இல் பயில்முறை வீரர்களுக்கான தேசியப் பட்டம் ஒன்றை வென்ற அவன், அதே ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள் சிக்காகோ நகரில் தொழில்முறை வீரனாக முதன்முதலில் மேடையேறினான்.

அம்மேடையின் உச்சிப் படி அவனுக்கு அடைபட்டிருந்தது. 1908இல் உலக அதிபாரப் பட்டத்தை வென்ற முதற் கறுப்பினத்தவரான ஜாக் ஜோன்சன் வெள்ளையர் முன் தலைகுனிய மறுத்தவர். 1910இல் அவர் முன்னாட் சம்பியன் ஜெப்ரிஸைத் தோற்கடித்தபோது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் மூண்டது. 1915இல் அவர் பட்டத்தை இழந்த பின், 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. ஆதலின், லூயிஸின் மேலாளர்களான ஜோன் றொக்ஸ்பரோவும் ஜூலியன் பிளாக்கும் அவருக்குக் கடுமையான ஒழுக்க விதிகளை வகுத்தனர். வெள்ளையினப் பெண்ணோடு புகைப்படம் எடுக்கலாகாது. வீழ்ந்த எதிரியைப் பார்த்து மகிழ்ச்சி காட்டலாகாது. இவ்விருவரும் கறுப்பினத்தவரே. றொக்ஸ்பரோ சட்டவிரோத இலக்கச் சூதாட்டத்திற் பொருளீட்டியவர். வங்கிகளின் வாயில்கள் அடைபட்டிருந்த ஒரு சமூகத்திற் பணம் திரளக்கூடிய சில இடங்களுள் அதுவும் ஒன்றாயிருந்தது. வீரனின் வருவாயிற் சரிபாதி மேலாளர்க்கு என்பது ஏற்பாடு.

மேலாளருக்கும் மேலே ஒருவர் இருந்தார். நாடக, விளையாட்டு அனுமதிச் சீட்டுகளை மொத்தமாய் வாங்கிக் கூடிய விலைக்கு விற்றுச் செல்வரான மைக் ஜேக்கப்ஸ் 1935இல் லூயிஸின் போட்டிகளை நடத்தும் தனியுரிமையைப் பெற்றார். போட்டி நடத்துநரின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை இவ்விடத்திற் சற்று விளக்குதல் வேண்டும். சம்பியனைத் தம் ஒப்பந்தத்துள் வைத்திருப்பவர், அவரை எதிர்க்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிபந்தனை விதிக்கலாம்: வென்றால் அடுத்த போட்டிகளையும் தமக்கே ஒப்படைக்க வேண்டும். ஒப்பமிடாதவனுக்குப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பில்லை. இதனாற் சம்பியன் தோற்றாலும் நடத்துநர் தோற்பதில்லை. பட்டம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும். ஒப்பந்தச் சங்கிலியோ அறுபடாது. 1937இல் சம்பியன் பிறடொக்கை லூயிஸுக்கு எதிராக மேடையேறச் செய்வதற்கு, தாம் நடத்தும் அதிபாரப் பட்டப் போட்டிகளின் இலாபத்திற் பத்து வீதத்தைப் பத்தாண்டுகளுக்கு அவருக்குக் கொடுக்க ஜேக்கப்ஸ் உடன்பட்டார் என்பதிலிருந்தே அச்சங்கிலியின் பெறுமதியை ஊகிக்கலாம்.

1937ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், சிக்காகோவின் கொமிஸ்கி மைதானத்தில், எட்டாம் சுற்றிற் பிறடொக் வீழ்ந்தார். 23 வயதான லூயிஸ் உலக சம்பியனானார். அடுத்த ஆண்டு அதே நாளில், நியூயோர்க் யாங்கி மைதானத்தில், ஏறத்தாழ 70,000 பேர் முன்னிலையில் ஜெர்மானியரான மக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் வீழ்த்தினார். 1936இல் லூயிஸைத் தோற்கடித்தவர் ஷ்மெலிங். அவ்வெற்றியை ஹிட்லரின் ஆட்சி இன மேன்மைக்குச் சான்றாகப் பறைசாற்றியிருந்தது. ஷ்மெலிங் நாசிக் கட்சியைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அன்றிரவு இரு மனிதர் மட்டும் மோதிக்கொண்டதாக எவரும் கருதவில்லை. தம் நாட்டிலேயே ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் வானொலிப் பெட்டிகளைச் சுற்றி நின்று கேட்டனர். செய்தி கிடைத்ததும் வீதிகளில் இறங்கி ஆடினர். வெள்ளை அமெரிக்கரும் அவரைத் தம்மவர் என்றனர். அவ்வாறு கொண்டாடிய நாட்டின் தெற்கில் அவர் வெள்ளையருடன் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்த முடியாதிருந்தது.

போர் வந்தது. 1942 ஜனவரியிலும் மார்ச்சிலும் நடைபெற்ற இரு பட்டப் போட்டிகளில் தமக்குக் கிடைத்த பணத்தை லூயிஸ் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு நன்கொடையாக வழங்கினார். அவ்வாண்டு ஜனவரியிலேயே சாதாரண சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். உலகின் பல பாகங்களிலிருந்த படைமுகாம்களில் ஏறத்தாழ நூறு காட்சிப் போட்டிகளில் ஈடுபட்டார். கறுப்பினச் சிப்பாய்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது தம் செல்வாக்கைப் பயன்படுத்திக் குரல் கொடுத்தார். பின்னாளிற் பேஸ்போல் ஆட்டத்தின் நிறத்தடையைத் தகர்த்த ஜாக்கி றொபின்சன் அவ்வாறு பயிற்சி பெற்றோருள் ஒருவர்.

நான்காண்டுகள் வருவாயின்றிக் கழிந்தன. ஜேக்கப்ஸிடம் பெற்ற கடனோ வளர்ந்தது. 1946இல் பில்லி கொன்னுடன் மோதிய போட்டியில் அவருடைய பங்கு ஆறு இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. மேலாளர் பங்கும் பழைய கடனும் போக, எஞ்சியதைப் போர்க்கால வரிவீதம் விழுங்கிற்று. நிவாரண நிதிக்குக் கொடுத்த தொகைகளும் அவருடைய வருமானமாகவே கணக்கிடப்பட்டன. லூயிஸ் சிக்கனக்காரர் அல்லர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், கோல்ப் ஆட்டத்திற் பந்தயம் கட்டித் தோற்றார், உணவகம், குளிர்பானம் என்று தொடங்கிய வியாபாரங்கள் பல நொடித்தன. ஆனால், வறுமைக்காலத்தில் தம் குடும்பம் பெற்ற நிவாரணப் பணத்தை முதல் வருவாய் கிடைத்ததும் அரசாங்கத்துக்குத் திருப்பிச் செலுத்தியவரும் இவரே. ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. கணக்குப் புத்தகம் இன்னும் பிறர் கையில் இருந்தது என்பதே உண்மை.

இந்நிலையில், 34 வயதை எட்டியிருந்த லூயிஸ், பட்டத்தை 25 முறை காத்தவர், தோல்வியின்றி ஓய்வு பெற எண்ணினார். அவ்வாறு அவர் விலகினால் பட்டம் வெறுமையாகும். ஜேக்கப்ஸ் கோத்து வைத்திருந்த சங்கிலி அறுபடும். ஜேக்கப்ஸோ நோயுற்றிருந்தார். சம்பியனின் ஓய்வே விலைபோகக்கூடிய பண்டமாயிற்று. லூயிஸும் அவருடைய வழக்கறிஞர் துறூமன் கிப்சனும் இதனைக் கண்டுகொண்டனர். 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் சிக்காகோ, டெற்றோயிட், சென்ற் லூயிஸ் ஆகிய நகரங்களின் பெரிய உள்ளரங்குகளைத் தம் கையில் வைத்திருந்த ஜேம்ஸ் நொறிஸ், ஆதர் வேர்ட்ஸ் என்னும் செல்வந்தரோடு உடன்படிக்கை செய்தனர்.

அவ்வுடன்படிக்கையின் விபரங்கள் பின்னர் நீதிமன்றப் பதிவுகளில் இடம்பெற்றமையால் அவற்றை நாம் ஐயமின்றிக் கூறலாம். பட்டத்தைத் துறக்கும் லூயிஸ், அதற்குப் போட்டியிடத் தகுதியுடைய நான்கு வீரர்களிடமிருந்து தனியுரிமை ஒப்பந்தங்களைப் பெறவேண்டும். எஸார்ட் சார்ல்ஸ், ஜோ வொல்கொட், லீ சவோல்ட், கஸ் லெஸ்னெவிச் என்போர் அந்நால்வர். அவ்வொப்பந்தங்களை அவர் நொறிஸுக்கும் வேர்ட்ஸுக்கும் கைமாற்ற வேண்டும். பிரதியுபகாரமாக அவருக்கு 150,000 டொலர் ரொக்கம், ஆண்டுக்கு 15,000 டொலர் சம்பளத்துடன் ஒரு பதவி, புதிதாக அமையும் சர்வதேசக் குத்துச்சண்டைக் கழகத்தின் இலினோய் நிறுவனத்தில் ஐந்திலொரு பங்கு. மார்ச் 1ஆம் நாள் லூயிஸ் தம் ஓய்வை அறிவித்தார். சம்பியன் போட்டி நடத்துநரானார்.

1949 ஜூன் 22ஆம் நாள், கொமிஸ்கி மைதானத்தில், காலியான பட்டத்துக்காக சார்ல்ஸும் வொல்கொட்டும் மோதினர். அதே மைதானத்தில், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, லூயிஸ் கையுறை அணிந்து நின்றார். இன்றோ அவர் மேடைக்கு வெளியே நின்றார். வாரக்குடியானவனின் மகன் உழைப்பை விற்கும் நிலையிலிருந்து உழைப்பை வாங்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டான் என்று எவருக்கும் தோன்றியிருக்கும். அதில் உண்மையும் சிறிது உண்டு. வெள்ளையர் மட்டுமே கோலோச்சிய ஒரு தொழிலில் கறுப்பினத்தவர் ஒருவர் பங்குதாரராக அமர்ந்தமை சிறிய நிகழ்ச்சியன்று.

ஆயினும், இவ்வுயர்வின் உள்ளடக்கம் யாது? அரங்குகள் நொறிஸுக்கும் வேர்ட்ஸுக்கும் உரியன. முதலும் அவர்களுடையதே. லூயிஸ் கொண்டுவந்தவை இரண்டு: தம் பெயர், சக வீரர் நால்வரின் ஒப்பந்தங்கள். ஜேக்கப்ஸின் தனியுரிமைக்குட் பதினான்கு ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தவர், அதே கயிற்றைக் கொண்டு மற்ற நால்வரைக் கட்டிக்கொடுத்தார். அந்நால்வருள் இருவர் அவருடைய இனத்தவர். அவரை நல்லவர் என்றும் அப்பாவி என்றும் கூறி இதனை நாம் தாண்டிச் செல்லலாகாது. தீயவர் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. அத்தொழிலின் அமைப்பு அவருக்குக் காட்டிய வழி அது ஒன்றே: கட்டப்பட்டவன் விடுதலை பெற வேண்டுமாயின் வேறொருவனைக் கட்ட வேண்டும்.

புதிய கழகம் விரைவில் வளர்ந்தது. நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்கும் ஜேக்கப்ஸின் பழைய உரிமைகளும் அதனோடு இணைந்தன. தொலைக்காட்சி வீடுகளுட் புகத் தொடங்கிய காலம் அது. சவர அலகு விற்போரும் பியர் விற்போரும் பணம் கொடுக்க, புதன், வெள்ளி இரவுகளில் கழகத்தின் போட்டிகள் நாடெங்கும் ஒளிபரப்பாயின. வீட்டிலிருந்தே போட்டியைப் பார்க்க முடிந்தபோது, இளம் வீரர்களை உருவாக்கிய சிற்றூர்க் கழகங்களுக்குக் கூட்டம் வருவது குறைந்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1949 ஜூன் தொடக்கம் 1953 மே வரை அமெரிக்காவில் நடைபெற்ற 44 பட்டப் போட்டிகளில் 36 இக்கூட்டத்தாரின் கட்டுப்பாட்டிலேயே நடைபெற்றன என நீதிமன்றம் பின்னர் கண்டது.

பங்குதாரராகிய லூயிஸின் நிலை யாது? வரிக் கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. 15,000 டொலர் சம்பளம் அதன் வட்டிக்கும் போதாது. அவரிடம் விற்பதற்கு எஞ்சியிருந்தது பழைய பண்டம் ஒன்றே. 1950 செப்ரெம்பர் 27ஆம் நாள், 36ஆம் வயதில், அவர் மீண்டும் கையுறை அணிந்து யாங்கி மைதானத்தில் ஏறினார். எதிரே நின்றவர் எஸார்ட் சார்ல்ஸ். தாமே ஒப்பந்தம் வாங்கிக் கழகத்துக்குக் கொடுத்த வீரரிடம், அக்கழகத்தின் மேடையிலேயே, பதினைந்து சுற்றுகள் அடிவாங்கி லூயிஸ் தோற்றார். ஷ்மெலிங்கை வீழ்த்திய இரவில் 70,000 பேர் நிறைந்திருந்த அம்மைதானத்தில் அன்று வந்திருந்தோர் சுமார் 22,000 பேர்.

கடன் தீரவில்லை, ஆதலின் ஓய்வும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள், மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்கில், 28 வயதான றொக்கி மார்சியானோ அவரை எட்டாம் சுற்றிற் கயிறுகளுக்கு வெளியே விழுமாறு அடித்தார். வென்றவர் ஆடைமாற்றும் அறையில் அழுதார் என்பர். தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் லூயிஸ் தோற்ற போட்டிகள் மூன்றே. அவற்றுள் இரண்டு அவர் போட்டி நடத்துநரான பின் நேர்ந்தவை என்பது சிந்தித்தற்குரியது.

கழகத்தின் கதை நீதிமன்றத்தில் முடிந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசாங்கம் 1952இல் வழக்குத் தொடுத்தது. குத்துச்சண்டையும் அச்சட்டத்துக்கு உட்பட்ட வாணிபமே என 1955இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழகத்தைக் கலைக்கும்படி கீழ்நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையை 1959 ஜனவரி 12ஆம் நாள் அது உறுதிசெய்தது. கழகத்தின் பின்னால் நின்று வீரர்களையும் மேலாளர்களையும் இயக்கிய பாதாள உலகத் தலைவன் பிராங்கி கார்போவுக்கு 1961இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தேகபலத்தின் தூய போட்டி என்று மக்கள் காசு கொடுத்துப் பார்த்ததன் பின்னணி இது.

லூயிஸுக்கு எந்தத் தீர்ப்பும் விடுதலை அளிக்கவில்லை. அவருடைய போட்டிகள் ஈட்டியதில் அவர் பங்காக வந்த தொகை மொத்தம் 46 இலட்சம் டொலர் என்றும், அதில் அவர் கையிற் சேர்ந்தது எட்டு இலட்சம் அளவே என்றும் கணக்கிட்டுள்ளனர். 1950களின் நடுப்பகுதியில் வரிக் கடன் பத்து இலட்சத்தைத் தாண்டியது. 1953இல் தாயார் இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்ற 667 டொலரையும் வரித் திணைக்களம் எடுத்துக்கொண்டது. 1956இல் அவர் பொழுதுபோக்கு மல்யுத்த மேடைகளில் ஏறினார். அங்கே மார்பிற் காயமடைந்தார். 1960களில் அரசாங்கம் பழைய கடனை வற்புறுத்தாது விட்டபோது அவருடைய உடலும் தளர்ந்திருந்தது; மனமும் நோயுற்றது. இறுதிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் விருந்தினரைக் கைகுலுக்கி வரவேற்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1981 ஏப்ரில் 12ஆம் நாள் இறந்தார். படைவீரருக்குரிய மரியாதையோடு ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லூயிஸின் துயரத்துக்கு அவருடைய ஊதாரித்தனமே காரணம் என்று கூறுவோர் உளர். வரி அதிகாரிகளின் கடுமையே காரணம் என்போரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், நடத்துநரான பிறகும் அவர் ஏன் உயரவில்லை என்பதற்கு இவை விடையாகா. மேடையை உடையவனுக்கும் மேடையில் நிற்பவனுக்கும் இடையிலுள்ள உறவை மாற்றாது, நிற்பவன் ஒருவனை மட்டும் உடையவனின் பக்கத்து நாற்காலியில் அமர்த்தினால், அந்நாற்காலியும் ஒரு கூலி வேலையாகவே முடியும். அண்மைக்காலத்தில் ஒஸ்கார் டி லா ஹோயா போன்ற சம்பியன்கள் சொந்த நிறுவனம் அமைத்து உண்மையிலேயே முதலாளிகளாகியுள்ளனர் என்று சிலர் வாதிடலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஒருவர் படியேறிய பின்னரும் படி அப்படியே இருக்கிறது என்பதையே நினைவூட்டுகிறோம்.

படியை மாற்றும் முயற்சி வெகு பிந்தியே வந்தது. மொகமட் அலியின் பெயர் தாங்கிய சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிற்று. பட்டப் போட்டி வாய்ப்பைக் காட்டி வீரனின் எதிர்காலப் போட்டிகளை ஆண்டுக்கணக்காக எழுதிவாங்கும் ஒப்பந்தங்களுக்கு அது வரம்பு கட்டியது. மேலாளரும் நடத்துநரும் ஒருவரோடொருவர் உள்ளுறவு வைத்திருத்தலைத் தடுத்தது. 1949இல் நால்வரிடம் ஒப்பம் வாங்கப்பட்டு ஐம்பத்தோராண்டுகள் கழிந்தபின் வந்த சட்டம் அது. ஆயினும், வேறு விளையாட்டுகளின் வீரர்கள் தொழிற்சங்கம் அமைத்து வென்றெடுத்த ஓய்வூதியத்தையும் கூட்டுப்பேரத்தையும் குத்துச்சண்டை வீரர்கள் அச்சட்டத்தாற் பெற்றுவிடவில்லை. தனித்தனியே ஒப்பமிடும் வரையில் அவர்கள் தனித்தனியேதான் தோற்பர்.

டெற்றோயிட் நகரின் நடுவே 1986இல் லூயிஸின் நினைவாக ஒரு சின்னம் நிறுவப்பட்டது. 24 அடி நீளமான வெண்கலக் கை. இறுகப் பொத்திய முட்டி. முகமில்லை, உடலில்லை. இனவெறியை எதிர்த்து நின்ற வலிமையின் அடையாளமாக மக்கள் அதனைப் போற்றுகின்றனர், அது தகும். எங்களுக்கோ அதனை எண்ணும்போது மற்றொன்றும் தோன்றுகின்றது. அந்தக் கை ஓங்கி அடித்த அடிகளை உலகம் எண்ணி வைத்திருக்கிறது. அதே கை ஒப்பமிட்ட தாள்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தாள்களை வாசிக்காதவரையில் எந்த வீரனின் வரலாறும் முழுமை பெறாது.